டாக்னியின் ஏழாவது அத்தியாயம்

தனக்கு வேண்டிய விடை ஒரு புத்தகத்தின் ஏழாவது அத்தியாயத்தில் இருக்கிறது என்று நம்பிய ஒருவர், வருடக்கணக்காக அதன் முதல் அத்தியாயத்தையே படித்துக்கொண்டிருப்பது எதனால்? டாக்னி வெஸ்டர்லுண்டை நினைக்கும்போதெல்லாம் எனக்குள் எழும் கேள்வி இதுதான். சோம்பல் என்று சொல்லிவிட முடியாது. ஒரு செவ்வாய்க்கிழமை மாலையைக்கூட அவர் தவறவிட்டதில்லை. பயம் என்று சொன்னால் பாதி பொருந்தும். மீதிப் பாதிக்கு என்னிடம் சொல் இல்லை.

எங்கள் கடலோர ஊரான ஹெர்னோசாண்ட்டின் பள்ளிப் பிள்ளைகளில் பெரும்பாலோர் டாக்னியை முகமூடியோடுதான் அறிவார்கள். ஓய்வு பெறும்வரை பல் மருத்துவமனையில் உதவியாளராக இருந்தார். வாயைத் திறந்து வைத்திருக்கும் பிள்ளைகளிடம் “வலிக்காது கண்ணு” என்று சொல்வது அவர் வேலையில் ஒரு பகுதி. அந்தப் பொய்க்காக அவர் ஒருநாளும் தூக்கம் இழந்ததில்லை. பதில் சொல்ல முடியாதவர்களிடமே பேசிப் பழகியதால், எதையாவது கேட்டுவிட்டு உடனே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் வழக்கம் அவருக்கு இருந்தது. எதிரில் இருப்பவர் வாய் திறந்து பதில் சொன்னால் சற்றுத் திடுக்கிடுவார்.

தத்துவத்தில் அவருக்குத் தனித் திறமை இருந்ததாகச் சொல்ல மாட்டேன். பொறுமை இருந்தது. பொறுமையையே திறமையாக எடுத்துக்கொள்ளும் வழக்கம் எங்கள் ஊரில் உண்டு என்பதால் இதைச் சொல்லிவைக்கிறேன்.

அப்போது நான் நகர நூலகத்தில் வேலை பார்த்தேன். ஒரு மழைநாளில், ஈரக் குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்தபடி என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

“பொய் சொல்றது தப்பா இல்லையான்னு சொல்ற புத்தகம் எது?”

“எந்த மாதிரிப் பொய்?”

“அதெல்லாம் புத்தகத்துக்குத் தெரியணுமா?”

பாதிரியாரிடம் ஏற்கெனவே கேட்டிருக்கிறார். தேவாலயத்துக் காப்பி நேரத்தில் அவர் நன்றாக யோசித்து, “அது சூழ்நிலையைப் பொறுத்தது” என்று சொல்லியிருக்கிறார். மருத்துவரும் அதையே சொன்னாராம். “சூழ்நிலைதான் எனக்கே தெரியுமே! அதுக்கு மேல என்னன்னு சொல்லத்தானே படிச்சவங்க இருக்காங்க?” என்றார் டாக்னி.

தொடக்க வாசகர்களுக்காக எழுதப்பட்ட ஒரு தத்துவ நூலை எடுத்துக் கொடுத்தேன். சுமாரான நூல்தான். எழுதியவருக்குத் தெளிவு உண்டு, நகைச்சுவை இல்லை. ஆனால் அளவாக ஏழே அத்தியாயங்கள். டாக்னியின் விரல் பொருளடக்கத்தில் மெல்ல இறங்கிக் கடைசி வரியில் நின்றது. ‘நல்லதுக்காகச் சொல்லும் பொய்.’

“இது போதும்” என்று வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் திரும்பி வந்தார். “வார்த்தை எல்லாம் புரியுது. வாக்கியம்தான் புரியல.”

ஏழாவது அத்தியாயம் ‘மூன்றாம் அத்தியாயத்தில் கண்டபடி’ என்று தொடங்குகிறது. அவர் மூன்றுக்குப் போயிருக்கிறார். அங்கே ‘முதல் அத்தியாயத்தில் பிரித்துக் காட்டிய இரண்டு நிலைகளை இங்கே நினைவுகூர்க’ என்று இருக்கிறது. முதல் அத்தியாயத்தைத் திறந்தால், நாம் பார்க்காதபோது பொருள்கள் இருக்கின்றனவா என்று கேட்கிறது.

“எதிர்வீட்டுக்கு வழி கேட்டா ஊரைச் சுத்தி வான்னு சொல்றானே இவன்” என்றார் டாக்னி.

தத்துவத்துக்குள் முதன்முதலாக வருகிறவர்களில் பலர் அதை மருந்துக் கடை என்று நினைத்துத்தான் வருகிறார்கள். சீட்டை நீட்டினால் மாத்திரை கிடைக்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். உள்ளே இருப்பவரோ, நோய் என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்கள் என்று கேட்கிறார். அந்த இடத்தில் பாதிப் பேர் திரும்பிப் போய்விடுவார்கள். டாக்னி போகவில்லை. எனவே நூலகத்தின் மாடியறையில் செவ்வாய்தோறும் கூடும் வாசிப்பு வட்டத்தைப் பற்றிச் சொன்னேன். நாங்கள் படித்துக்கொண்டிருந்ததும் அதே நூல்தான்.

வட்டத்தின் பொறுப்பாளர் ஏவெர்ட் சாண்டெலின், ரயில்வேயில் சிக்னல் பார்த்து ஓய்வு பெற்றவர். பொறுப்பாளர் என்றால் ஆசிரியர் இல்லை. கதவைத் திறப்பது, காப்பி இருக்கிறதா என்று பார்ப்பது, யாரும் அதிகமாகப் பேசிவிடாமல் கவனித்துக்கொள்வது ஆகியவைதான் அவர் வேலை. எங்கள் வட்டங்களில் யாரும் யாருக்கும் கற்றுக்கொடுப்பதில்லை. அதனால் யாரும் யாரையும் மறுப்பதும் இல்லை. ஒருவர் சொன்னதற்கு நேர் எதிரானதை இன்னொருவர் சொன்னால், “ரெண்டும் யோசிக்க வேண்டிய விஷயம்” என்று ஏவெர்ட் சொல்வார். பிறகு காப்பி வரும். பன் செய்து கொண்டுவருவது முறைவைத்து. வரி அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்ற இங்வே நோரெல் தத்துவத்துக்காக வந்தாரா பன்னுக்காக வந்தாரா என்பது வட்டத்தில் கடைசிவரை தீராத கேள்விகளில் ஒன்று.

ஏவெர்ட்டுக்கு ஒரே ஒரு கண்டிப்பான விதி இருந்தது. புதிதாக ஒருவர் சேர்ந்தால், எங்கே நின்றிருந்தாலும், முதல் பக்கத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

“ஒருத்தர் பின்னாடி மூச்சு வாங்க ஓடி வர, மத்தவங்க முன்னாடி போறது வட்டம் இல்ல. ஊர்வலம்” என்பார்.

இதை மறுக்க யாருக்கும் மனம் வந்ததில்லை. எங்களுக்கு நியாயமாகவும் பட்டது. ஒவ்வோர் ஆகஸ்டிலும் பொதுக்கல்விச் சங்கத்தின் சிற்றேடு ஊரில் உள்ள எல்லா வீட்டுக்கும் போகும். பின்னல் வட்டம், பறவை பார்க்கும் வட்டம், தத்துவ வட்டம் என்று பட்டியல் இருக்கும். அதைப் பார்த்து, அண்மையில் ஓய்வு பெற்றவரோ அண்மையில் மணவிலக்குப் பெற்றவரோ ஒருவர் நிச்சயம் வந்துவிடுவார். எல்லோரும் சுற்றிவரப் பெயரும் வந்த காரணமும் சொல்வோம். முதல் அத்தியாயத்தைத் திறப்போம். கிறிஸ்துமஸுக்கு முன் புதியவர் பறவை வட்டத்துக்கு மாறிவிடுவார். நாங்கள் வசந்த காலத்தில் இரண்டைக் கடந்து மூன்றில் கால் வைக்கும்போது பருவம் முடியும். அடுத்த ஆகஸ்டில் மறுபடி சிற்றேடு.

ஆகவே முதல் அத்தியாயத்தில் எங்களுக்கு நிகர் யாரும் கிடையாது.

“பனி அள்ளுற என் மண்வெட்டி ஷெட்டுக்குள்ள இருக்கு. நான் பார்க்காதப்பவும் இருக்கும்னுதான் நினைச்சேன்” என்பார் இங்வே, ஒவ்வொரு வருடமும், முதன்முறை சொல்வதுபோல. “போய்ப் பார்த்தா பக்கத்து வீட்டுக்காரன் எடுத்துட்டுப் போயிருக்கான்.”

“அவன் பார்த்துக்கிட்டு இருந்தான்ல? அப்ப இருந்துச்சு” என்பார் டாக்னி. “அது இருக்குன்னு சொல்ல ஒருத்தர் போதும்.”

“ரெண்டும் யோசிக்க வேண்டிய விஷயம்” என்பார் ஏவெர்ட்.

டாக்னி ஒரு பிரதியை விலைக்கு வாங்கியிருந்தார். அதன் முன்பகுதி காப்பிக் கறையும் வெண்ணெய் விரல்களும் பட்டு உப்பியிருந்தது. பின்பகுதி கடையிலிருந்து வந்தபடியே வெள்ளையாக இருந்தது.

அவருடைய கேள்வி என்ன என்பதை இரண்டாம் வருடத்தில்தான் சொன்னார், என்னிடம் மட்டும். காப்பிக் கோப்பைகளை இருவரும் கழுவிக்கொண்டிருந்தோம். மற்றவர்கள் போய்விட்டிருந்தார்கள்.

அவருக்கு ஹில்லெவி என்று ஓர் அக்கா, கணவரும் பிள்ளைகளும் இல்லாதவர். கடலோரத்திலிருந்து உள்ளே தள்ளி, ஆற்றோரச் சிற்றூர் ஒன்றில், அவர்கள் பிறந்த வீட்டிலேயே தனியாக இருந்தார். ஒரு குளிர்காலத்தில் இதயக் கோளாறு வந்து மருத்துவமனையில் சேர்த்தார்கள். அவர் அங்கே இருந்தபோது பனியின் பாரத்தில் வீட்டுக் கூரை உள்ளே விழுந்தது. ஆபத்தான கட்டடம், இடித்துவிட வேண்டும் என்று அதிகாரிகள் சொன்னார்கள். டாக்னி சம்மதித்தார்.

“படுக்கையிலேர்ந்து கேட்டா, வீடு எப்படி இருக்குன்னு. டாக்டர் பின்னாடி நின்னு கண்ணால சாடை காட்டினார். நல்லா இருக்குன்னு சொல்லிட்டேன்.” கோப்பையைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். அது எப்போதோ காய்ந்திருந்தது. “அன்னிக்கு ஒரு நாளைக்குத்தான்னு நினைச்சேன்.”

ஹில்லெவியின் இதயம் தேறியது. பொய்யும் கூடவே தேறிவிட்டது. கால்கள்தான் தேறவில்லை. அதனால் ஹெர்னோசாண்ட்டில் முதியோர் இல்லத்துக்கு வந்துவிட்டார். அறிவு ஊசிபோல் கூர்மை. ஞாயிறுதோறும் டாக்னி போய்ப் பார்ப்பார், ஞாயிறுதோறும் அக்கா வீட்டைப் பற்றிக் கேட்பார். இல்லாத ஒரு வீட்டைப் பராமரிப்பது இருக்கும் வீட்டைப் பராமரிப்பதைவிடக் கடினம் என்பதை டாக்னி மெல்லக் கற்றுக்கொண்டார். ஜூன் மாதத்தில் வாசல் லைலாக் மரத்தின் பூக்கள் வேண்டும். பல் மருத்துவமனையின் வேலியில், பழைய சகாக்கள் பார்க்காத நேரமாகப் பார்த்து, வெட்டி எடுத்துப் போவார். தோட்டத்து ருபார்ப் செடியின் புளிப்புத் தண்டில் செய்த ஜாம் வேண்டும். பெட்ரோல் நிலையத்தின் பின்னால் காடாக வளர்ந்திருந்த ருபார்ப் தண்டுகள் அதற்கு உதவின. ஒரு வருடம் முன்சுவருக்குச் சிவப்பு வண்ணமும் அடித்தார், வாயாலேயே.

“எவ்வளவு நல்லா அடிச்சிருக்கேன் தெரியுமா?” என்றார் என்னிடம். “ஜன்னல் ஓரத்துக்கு வெள்ளை. ரெண்டு கோட்டு.”

“சொல்லிடேன்” என்றேன்.

“சொல்லலாம். யாருக்காகச் சொல்றேன்னு தெரியணும்ல? அவளுக்காகவா, இல்ல ராத்திரி நான் தூங்கணும்னா? சொல்லாம இருக்கிறதும் அப்படித்தான். அவ நெஞ்சுக்காகன்னு ஆரம்பிச்சுது. இப்ப அவ மூஞ்சியைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லாததுக்காகவோ என்னவோ.” கோப்பையை அலமாரியில் வைத்தார். “அதைப் பிரிச்சுப் பார்க்கிறது எப்படின்னுதான் ஏழாவதுல இருக்கும்னு நினைக்கிறேன். அவ போறதுக்குள்ள நான் அங்க போய்ச் சேரணும்.”

அந்த நூலின் ஏழாம் அத்தியாயத்தை நான் பலமுறை படித்தவன். அது எதையும் முடிவாகச் சொல்வதில்லை. பாதிரியார் சொன்னதையே அடிக்குறிப்புகளோடு சொல்கிறது என்றுகூட ஒருவர் குறை சொல்லலாம். ஆனால் கேள்வியை எப்படிக் கேட்பது என்று அது காட்டுகிறது, அதைக் குறைத்து மதிப்பிட எனக்கு விருப்பமில்லை. இதை நான் அவரிடம் சொல்லவில்லை. பயணம் கிளம்பியவரிடம், போகிற ஊரில் பார்க்க எதுவுமில்லை என்று சொல்வது என் வழக்கமில்லை.

இப்படியே ஆகஸ்டுகள் போயின. பிறகு ஒரு வருடம், யாருடைய கவனக்குறைவாலோ, சிற்றேட்டில் தத்துவ வட்டம் விட்டுப்போயிற்று. பறவைகள் இருந்தன, பின்னல் இருந்தது, நாங்கள் இல்லை. ஏவெர்ட் கொதித்துப்போனார்.

“நாம இருக்கோமா இல்லையா? ஊருக்கு என்ன தெரியும் இப்ப?”

“யாரும் பார்க்காதப்ப நாம இருக்கோமான்னு முதல் அத்தியாயத்துல பார்த்துக்கலாம்” என்றார் இங்வே.

டாக்னி அன்று தன் முறை இல்லாதபோதும் ஏலக்காய் கேக் செய்து கொண்டுவந்திருந்தார். அந்தப் பருவத்தில் புதிதாக யாரும் வரவில்லை. மூன்றை முடித்து நான்காம் அத்தியாயத்தைத் திறந்தபோது, பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரிய மறுத்தன. நாங்கள் நால்வரும் வெளியூருக்கு வந்தவர்கள்போல் மரியாதையாக நடந்துகொண்டோம். ஐந்தாவது சுதந்திரம் பற்றியது, நீளமானது. ஆறாவது கடமை பற்றியது. இங்வேக்கு அது மிகவும் பிடித்திருந்தது, அலுவலக ஞாபகம் வந்ததாகச் சொன்னார். டாக்னி கேள்வி கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வது குறைந்தது. பதிலுக்குக் காத்திருக்கத் தொடங்கினார். அதை முன்னேற்றம் என்றே சொல்வேன். மே மாதம் ஆறாவது முடிந்தது.

“ஏழாவது செப்டம்பர்ல” என்றார் ஏவெர்ட். டாக்னி தன் நூலில் அந்தப் பக்கத்தில் ஒரு காகிதத் துண்டைச் செருகி வைத்தார்.

அந்தக் கோடையில் அவரைக் கடைத்தெருவில் பார்த்தேன். முகம் சரியில்லை. “அக்கா ஜாமை ருசி பார்த்துட்டு, நம்ம வீட்டு ருபார்ப் இவ்வளவு புளிக்காதேன்னா” என்றார். “மழை ஜாஸ்தின்னேன். மழையா, சரின்னு சொல்லிட்டு ஜன்னலைப் பார்த்துக்கிட்டு இருந்தா. அதுக்கு என்ன அர்த்தம்? தெரிஞ்சுதான் கேக்கறாளா?”

“கேட்டுப் பாரேன்.”

“செப்டம்பர் ஆகட்டும்” என்றார்.

செப்டம்பரின் முதல் செவ்வாயன்று டாக்னி எல்லோருக்கும் முன்பே வந்து ஜன்னலுக்கு அருகில் உட்கார்ந்திருந்தார். நூல் ஏழாவதில் திறந்து கிடந்தது. நாங்கள் காப்பியை ஊற்றிக்கொண்டிருந்தபோது மாடிக்கு வரும் லிஃப்ட்டின் சத்தம் கேட்டது. கதவைத் தள்ளிக்கொண்டு முதலில், முதியவர்கள் பிடித்து நடக்கும் ஒரு நடைவண்டி வந்தது. அதன் கூடையில் அந்த வருடத்துச் சிற்றேடு இருந்தது. எங்கள் வட்டத்தின் பெயர் இம்முறை தடித்த எழுத்தில் அச்சாகியிருந்தது. போன வருடத்துத் தவறுக்கு ஈடாக ஏவெர்ட் அப்படிக் கேட்டு வாங்கியது. வண்டிக்குப் பின்னால், உயரமான, மெலிந்த, எண்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி.

“டாக்ஸிக்காரன் நல்லவன், கதவு வரைக்கும் வந்தான்” என்றார் பொதுவாக. பிறகு டாக்னியிடம், “என்ன அப்படிப் பார்க்கறே? வாயை மூடு. பல் டாக்டர் யாரும் இங்க இல்ல.”

டாக்னி வாயை மூடினார்.

நாற்காலியை இழுத்துப் போட்டோம். வழக்கப்படி சுற்றிவரப் பெயரும் காரணமும் சொன்னோம். புதியவரின் முறை வந்தது.

“பேரு ஹில்லெவி. இவளோட அக்கா. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை உங்களைப் பத்தித்தான் பேசுவா. இந்த இங்வே எத்தனை பன் தின்னாருங்கிறது வரைக்கும் எனக்குத் தெரியும். அவ சொல்லாம விட்டது ஏதாவது இருந்தா கேட்டுக்கலாமேன்னு வந்தேன்.”

இங்வே கையில் எடுத்த பன்னைத் திரும்பத் தட்டில் வைத்தார்.

அந்த வீட்டைப் பற்றி அறையில் இருந்தவர்களில் டாக்னியைத் தவிர எனக்கு மட்டுமே தெரியும். ஏவெர்ட்டுக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம், டாக்னி எத்தனையோ ஆகஸ்டுகளாக ஏழாவதுக்குக் காத்திருக்கிறார் என்பதும், ஒரு புதியவர் வந்துவிட்டதால் விதிப்படி இன்று மறுபடி முதல் பக்கம் என்பதும்தான். அவர் கரண்டியால் காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். அவர் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை.

“விதி ஒண்ணு இருக்கு, நான் போட்டதுதான்” என்றார் கடைசியில். “ஆனா இன்னிக்கு ஒரு தடவை அதை எடுத்து ஓரமா வைக்கலாம்னு நினைக்கிறேன். யாருக்கும் ஆட்சேபம் இல்லன்னா.”

“சிக்னல்காரனே சிவப்பைத் தாண்டினா நாங்க யாரைக் கேக்கறது?” என்றார் இங்வே. ஆனாலும் அவர் தலையாட்டினார். நானும் ஆட்டினேன்.

“முதல்லேருந்து படிச்சா முடிக்க எவ்வளவு நாளாகும்?” என்று ஹில்லெவி கேட்டார்.

ஏவெர்ட் மனத்துக்குள் கணக்குப் போட்டார். “நம்ம வேகத்துக்கு ரெண்டு வருஷம். புதுசா யாரும் வராம இருந்தா.”

“வருவாங்களா?”

“எப்பவும் வருவாங்க.”

“அப்ப இருக்கிற எடத்துலேர்ந்தே படிங்க. நான் கேட்டுக்கறேன். என்ன தலைப்பு?”

ஏவெர்ட் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பள்ளிக்கூடத்தில் படிப்பதுபோல் உரக்கப் படித்தார். “நல்லதுக்காகச் சொல்லும் பொய்.”

“நல்ல தலைப்பு” என்றார் ஹில்லெவி. தங்கையைப் பார்க்கவில்லை. இங்வே வைத்துவிட்ட பன்னை எடுத்து ஒரு துண்டு கிள்ளி வாயில் போட்டுக்கொண்டார். “இலவங்கப்பட்டை கொஞ்சம் கம்மி.”

“டாக்னி, நீயே சொல்லு” என்றார் ஏவெர்ட். “காத்துக்கிட்டு இருந்தது நீதான். எதைப் படிக்கலாம்?”

எல்லோரும் அவரைப் பார்த்தோம். அவர் முன்னால் ஏழாவது அத்தியாயம் கசங்காமல், வெள்ளையாக, திறந்து கிடந்தது. அவர் அதையே சற்று நேரம் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். ஹில்லெவியும் இம்முறை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா, வேடிக்கை இருந்ததா, ஒன்றுமே இல்லையா என்று என்னால் சொல்ல முடியாது. அவர்கள் இருவருக்கும் தெரிந்திருக்கலாம்.

டாக்னி காகிதத் துண்டை உருவிக் கோப்பைக்கு அடியில் வைத்தார். இத்தனை வருடங்களில் படித்து முடித்த பக்கங்களை, மொத்தமாக, வலப்பக்கம் தள்ளினார். உப்பிப்போன முன்பகுதி தானாகவே விரிந்தது. நாற்காலியை இழுத்து அக்காவுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, நூலை இருவருக்கும் நடுவில் வைத்தார்.

“முதல் பக்கத்துலேர்ந்து” என்றார்.

“டாக்னி, விதியை விடுன்னு நானே சொல்றேனே” என்றார் ஏவெர்ட்.

“கேட்டுச்சு. முதல் பக்கத்துலேர்ந்து.”

நாம் பார்க்காதபோது பொருள்கள் இருக்கின்றனவா என்று கேட்கும், நாங்கள் எல்லோரும் மனப்பாடமாக அறிந்த அந்த முதல் வாக்கியத்தை, அக்காவுக்குக் கேட்கும்படி நிதானமாக, அவரே படிக்கத் தொடங்கினார். ஏன் என்று நான் பிறகு இரண்டொரு முறை கேட்டேன். கேட்டபோதெல்லாம், பதில் வராது என்று தெரிந்தே கேள்வி கேட்ட பழைய நாட்களில் செய்வதுபோல, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.